காத்திருந்து வென்ற வீரர்: ஜாக் ஜான்ஸன் சரித்திரம்

இருவர் எதிரெதிர் நின்று கைப்போர் புரியுங்கால் வெற்றிக்குரிய வழிகள் இரண்டென்பது தொன்றுதொட்டு அறிந்த செய்தியாம். ஒன்று, மாற்றானுக்கு மூச்சுவிடவும் இடங்கொடாமல் அடிமேல் அடி வைத்து முன்னேறி, அவனைப் பின்வாங்கச் செய்து, இடைவிடாது தாக்கி வெல்வது. மற்றொன்று, மாற்றான் தாக்க வருமளவும் பொறுத்திருந்து, அவன் கை நீளும் அந்த இமைப்பொழுதில் அவன் மேனியில் திறக்கும் வாயிலைக் கண்டு, அவ்விடத்தே அடித்து வெல்வது. முன்னதை நெருக்கிப் பொருதல் என்றும், பின்னதைக் காத்துப் பொருதல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

1993-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள டென்வர் நகரில் நடந்த ஒரு பந்தயத்தை முதலாகக் கொண்டு இன்று உலகெங்கும் பரவியிருக்கும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளிலும் இவ்விரு நெறிகளே எதிர்நின்று பொருதுகின்றன. நெருக்குவோன் தன் எதிரியை வலைவேலியின் ஓரத்துக்குத் தள்ளிச்சென்று, அங்கே அவனுக்கு இடமில்லாதபடி அடித்தோ, கட்டிப் பிடித்து வீழ்த்தியோ வெல்லப் பார்க்கிறான். காப்போன் அரங்கின் நடுவிடத்தை விட்டுக்கொடாது, தூரத்தை அளந்து நின்று, வருகிறவனைத் தன் அடியின்மேல் தானே வந்து மோதும்படி செய்கிறான். இவற்றுள் எது சிறந்தது என்று நம் மாணாக்கருள்ளும் வாதிப்போர் உளர். முன்னே செல்பவனே வீரன், காத்து நிற்பவன் கோழை என்று எளிதாக முடிவு கட்டுவோரும் உளர். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைக் காத்துப் பொருதலையே தம் கலையாகக் கொண்டு உலக வீரப் பட்டம் பெற்ற ஜாக் ஜான்ஸன் என்பாரது வாழ்க்கையினின்று நாம் நன்கு அறியலாகும்.

ஆர்தர் ஜான் ஜான்ஸன் என்பது அவரது முழுப் பெயர். அவர் 1878-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் நாள், டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த கால்வெஸ்டன் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். தந்தை ஹென்றி, பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு செய்யும் வேலையால் பெருங்குடும்பத்தைக் காத்து வந்தார். சில ஆண்டுகளே பள்ளியிற் பயின்ற ஜான்ஸன், இளமையிலேயே துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கூலியாட்களோடு கூடி உழைக்கப் புகுந்தார்.

அக்காலத்தில் அந்நாட்டின் தென்பகுதியில் இரங்கத்தக்கதோர் வேடிக்கை வழக்கத்திலிருந்தது. கறுப்பினச் சிறுவர் பலரை ஒருங்கே அரங்கில் விட்டு, சிற்சில வேளைகளில் அவர்தம் கண்களையுங் கட்டி, ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளச் செய்வர். இறுதிவரை நிற்பவனுக்கு வெள்ளையர் சில்லறைக் காசுகளை எறிவர். ஜான்ஸனும் இத்தகைய சண்டைகளில் நின்றவரே. பலர் ஒருங்கே மோதும் அவ்விடத்தில் பாய்ந்து செல்பவன் எப்புறமும் அடிபட்டு விரைவில் வீழ்வான்; ஒதுங்கி நின்று காக்கத் தெரிந்தவனே இறுதியில் எஞ்சுவான். அவரது பிற்காலக் கலையின் முதல் வித்து இக்கொடிய பள்ளியிலேதான் விழுந்தது போலும் என்று நாம் கருதுகிறோம்.

அவ்வித்துக்கு நீர் வார்த்தவர் ஜோ சோயின்ஸ்கி என்னும் முதிர்ந்த குத்துச்சண்டை வீரர். அவர் ஸான்பிரான்சிஸ்கோ நகரத்து யூதர்; எடையிற் சிறியவராயினும் தம் காலத்துப் பெருவீரர் பலரோடும் பொருதவர். 1901-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கால்வெஸ்டனில் அவர் ஜான்ஸனை எதிர்த்து, மூன்றாஞ் சுற்றிலேயே ஒரே அடியில் வீழ்த்தினார். பரிசுக்காகச் சண்டையிடுவது டெக்ஸாஸில் சட்டவிரோதமாதலால், வென்றவர் தோற்றவர் இருவரையும் காவலர் பிடித்துச் சிறையிலிட்டனர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் இருவரும் சிறையில் ஒருங்கிருந்தனர். சிறையதிகாரியின் இசைவு பெற்று அவர்கள் நாள்தோறும் கையுறை அணிந்து பழகினர். இத்துணை விரைந்து அசையவல்ல ஒருவன் அடிபட வேண்டிய அவசியமே இல்லை என்பது முதியவர் இளைஞருக்கு உணர்த்திய பாடத்தின் சாரம். அடிப்பதற்கு முன்னே அடிபடாமலிருக்கக் கற்றல் வேண்டும் என்னும் இந்நெறியை ஜான்ஸன் தம் வாழ்நாள் முழுதும் கைவிடவில்லை.

அவரது போர்முறையைச் சிறிது விளக்குதும். அவர் ஆறடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் உடையவர். இடக்கையை முன்னே நீட்டி, உடலைச் சற்றே பின்சாய்த்து, உள்ளங்கைகளைத் திறந்த நிலையில் வைத்து நிற்பார். எதிரி கையை ஓங்குங்கால் அக்கை வேகங்கொள்ளுமுன் அவனது புயத்தின் மேற்பகுதியில் தம் கையை வைத்துத் தடுத்துவிடுவார். தப்பி வரும் அடியைப் பறக்கும் பந்தைப் பிடிப்பதுபோல உள்ளங்கையில் ஏற்பார். எதிரி மேலும் நெருங்கினால் அவன் கைகளை உட்புறமாகப் பற்றி இறுக்கி, அசையவொட்டாமற் செய்வார். அவன் தலை தாழ்ந்து உள்ளே வரும் தருணத்தில் வலக்கையால் கீழிருந்து மேலாக மோவாயில் குத்துவார். எதிரி முன்னே வரும் வேகமும் அவர் கையின் வேகமும் கூடி அடி இருமடங்கு வலிமை பெறும். காத்துப் பொருதலின் உட்பொருள் இதுவே: மாற்றானது வலிமையை அவனுக்கே பகையாக்குதல்.

அக்காலத்துப் போட்டி விதிகளும் இம்முறைக்குத் துணை புரிந்தன. சுற்று ஒன்றுக்கு மூன்று நிமிஷமும், இடையே ஒரு நிமிஷம் ஓய்வும் என்பது அன்றும் இன்றும் ஒன்றே. ஆனால் இன்று உலகப் பட்டத்துக்குரிய குத்துச்சண்டை 12 சுற்றுகளில் முடிவதாக, அன்றோ 20 சுற்றும், 45 சுற்றுங்கூட வகுக்கப்பட்டன. முதலிற் பாய்ந்து தன் ஆற்றலைச் செலவிடுவோன் பின்னர் இளைத்துப்போவான். காத்திருப்போனுக்குக் காலமே துணைவனாயிருந்தது. இன்றைய கலப்புப் போட்டிகளில் ஐந்து நிமிஷச் சுற்றுகள் மூன்று, பட்டத்துக்குரியவற்றில் ஐந்து மாத்திரமே உள்ளமையால், நெடுநேரம் காத்திருக்க இடமில்லை. எனினும் அவற்றின் விதிகளிலும் முன்னேறிச் செல்லுதலுக்கென்று தனிமதிப்பு முதலில் இல்லை. யாருடைய தாக்குதல் பயனளித்தது என்பதையே நடுவர் முதலில் நோக்குவர். அதில் இருவரும் சமமாயிருந்தாலன்றி முன்னேறியவர் யார் என்று பார்ப்பதில்லை. இது நினைவிற் கொள்ளத்தக்கது.

நிற்க. 1903-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரில் டென்வர் எட் மார்ட்டின் என்பாரை 20 சுற்றுகளில் வென்று, கறுப்பினத்தாருக்கெனத் தனியே வகுத்திருந்த கனஎடை உலகப் பட்டத்தை ஜான்ஸன் பெற்றார். ஆயின் உண்மையான உலகப் பட்டமோ அவருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. அதனை உடைய வெள்ளையர் கறுப்பரோடு பொருவதில்லை என்று நிறக்கோடு கிழித்திருந்தனர். ஜான் ஸல்லிவன் தொடங்கிய இவ்வழக்கத்தை ஜேம்ஸ் ஜெப்ரீஸும் பின்பற்றினார். ஜெப்ரீஸ் 1899 முதல் 1905 வரை பட்டத்தை வைத்திருந்து, ஒருமுறையேனும் தோல்வியுறாமல் ஓய்வுபெற்றவர். அரங்கிற் காத்திருக்கக் கற்ற ஜான்ஸன், அரங்கினுள் நுழைவதற்கும் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1906 முதல் பட்டம் கானடா தேசத்தவராகிய டாமி பர்ன்ஸிடம் இருந்தது. ஜான்ஸன் அவரை இங்கிலாந்து வரையிலும், பின்னர் ஆஸ்திரேலியா வரையிலும் பின்தொடர்ந்து சென்றார். முடிவில், தமக்கு 30,000 டாலர் கொடுக்கப்பட்டாலன்றிப் பொருவதில்லை என்று பர்ன்ஸ் கேட்க, ஹ்யூ மக்கின்டாஷ் என்பவர் அத்தொகையைத் தர உடன்பட்டார். ஜான்ஸனுக்குக் கிடைத்ததோ 5,000 டாலரே. 1908-ஆம் ஆண்டு டிஸம்பர் 26-ஆம் நாள் ஸிட்னி நகரில், ஏறத்தாழ 20,000 ஜனங்கள் முன்னிலையில் இருவரும் பொருதனர். பர்ன்ஸ் ஐந்தடி ஏழங்குலமே உயரமுள்ளவராதலின் அருகே நெருங்கினாலன்றி அடிக்க இயலாது. நெருங்கிய ஒவ்வொரு முறையும் அவர் ஜான்ஸனது கைகளில் அகப்பட்டு அடியுண்டார். 14-ஆம் சுற்றில் காவலர் உட்புகுந்து போரை நிறுத்தினர். பர்ன்ஸ் வீழும் காட்சி உலகத்தார் கண்ணிற் படலாகாதென்று சலனப்படக் கருவியும் நிறுத்தப்பட்டது. முப்பது வயதில், கனஎடைப் பிரிவில் உலக வீரராகிய முதற் கறுப்பினத்தவர் என்னும் கீர்த்தியை ஜான்ஸன் எய்தினார்.

இனி, இவ்விரு நெறிகளும் தம் தூய வடிவில் எதிர்ப்பட்ட போர் ஒன்றைக் கூறுவாம். நடுத்தர எடைப் பிரிவின் உலக வீரராயிருந்த ஸ்டான்லி கெச்சல், நெருக்கிப் பொருவதில் தமக்கு நிகரில்லாதவர். பின்வாங்குதல் என்பதையே அறியாதவராய், இரு கைகளாலும் மழைபோல் அடித்து முன்னேறுவது அவரது இயல்பு. எடையில் தம்மினும் மிகப் பெரியவரான ஜான்ஸனை அவர் 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள கோல்மா என்னுமிடத்தில் எதிர்த்தார். சலனப்படம் நீண்டிருக்கும் பொருட்டு மெல்லப் பொருவதென்று இருவரும் முன்னரே பேசிவைத்தனர் என்று கூறுவாரும் உளர். பதினொரு சுற்றுகள் பெருந்தீங்கின்றிச் சென்றன. 12-ஆம் சுற்றில் கெச்சல் வலக்கையைச் சுழற்றி வீசிய அடி ஜான்ஸன் தலையில் பட, அவர் நிலத்தில் வீழ்ந்தார். ஜனங்கள் ஆரவாரித்தனர். ஜான்ஸன் எழுந்ததும், வெற்றி கைக்கெட்டியதென்று கெச்சல் காப்பின்றிப் பாய்ந்தார். அப்பாய்ச்சலே அவருக்குக் கேடாயிற்று. ஜான்ஸனது வலக்கை அவர் வாயில் மோத, கெச்சல் நினைவிழந்து மல்லாந்து கிடந்தார். நெருக்குவோனுக்கு ஆபத்து மிகுவது அவன் தோற்கும் தருவாயிலன்று, வென்றுவிட்டதாக எண்ணும் தருவாயிலேயே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கறுப்பரொருவர் உலக வீரராயிருத்தலைப் பொறாத வெள்ளையர், ஓய்வு பெற்றுத் தம் பண்ணையில் வாழ்ந்திருந்த ஜெப்ரீஸை மீண்டும் அரங்கேற அழைத்தனர். ஸிட்னிப் போரை நேரிற் கண்டெழுதிய நாவலாசிரியர் ஜாக் லண்டனும் அவ்வாறு அழைத்தவருள் ஒருவர். ஜெப்ரீஸ் பருத்திருந்த தம் உடலைப் பெருமுயற்சியால் இளைக்கச் செய்து வந்தார். 1910-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், நெவாடா மாகாணத்து ரீனோ நகரில், கொளுத்தும் வெயிலில் போர் நிகழ்ந்தது. ஜெப்ரீஸ் உடலைக் குனித்து இடக்கையை நீட்டி முன்னேறிப் பொருவதில் புகழ்பெற்றவர். ஜான்ஸனோ அவரைத் தடுத்து, பிடித்து, குத்தி, இடையிடையே அரங்கின் புறத்திருந்து வைத எதிரியின் துணைவர்க்கு மறுமொழியுங் கூறிக்கொண்டு பொருதார். அவ்வாறு வைதவருள் முன்னாள் உலக வீரரும், காத்துப் பொருவதில் தாமே வல்லவருமாகிய ஜேம்ஸ் கார்பெட்டும் ஒருவர் என்பது வியப்பே. 15-ஆம் சுற்றில், அதுவரை எவராலும் வீழ்த்தப்படாத ஜெப்ரீஸ் மீண்டும் மீண்டும் வீழ, அவர்தம் பக்கத்தார் போரை முடித்துக்கொண்டனர்.

அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலகம் மூண்டது. மகிழ்ச்சி கொண்டாடிய கறுப்பர்மீது வெள்ளையர் பாய்ந்தனர், பலர் உயிரிழந்தனர். அப்போரின் சலனப்படத்தைக் காட்டலாகாதெனப் பல ஊர்களில் தடை விதித்தனர். 1912-ஆம் ஆண்டில், குத்துச்சண்டைப் படங்களை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டு செல்லலாகாதென்று அந்நாட்டுச் சட்டசபை சட்டமே இயற்றிற்று. அச்சட்டம் 1940 வரை நீக்கப்படவில்லை.

இவ்விடத்தில் நாம் ஒன்றை ஆராய்தல் வேண்டும். அரங்கினுள் இத்துணைப் பொறுமையும் முன்யோசனையும் உடைய ஜான்ஸன், அரங்கின் வெளியே முற்றிலும் வேறான மனிதராய் இருந்தார். விலையுயர்ந்த உடையணிந்து, மோட்டார் வண்டியை மிகு வேகத்தில் ஓட்டி, அபராதம் விதித்தவரை எள்ளி நகையாடி, வெள்ளை மாதரோடு வெளிப்படையாகப் பழகி, அவருட் சிலரை மணந்தும் வாழ்ந்தார். கறுப்பரொருவர் வெள்ளையர் முன் தலைகுனிந்து ஒதுங்கவேண்டுமென்று எதிர்பார்த்த அக்காலத்தில், அவர் ஒதுங்கவுமில்லை, குனியவுமில்லை. வாழ்க்கையில் அவர் நெருக்கிப் பொருதவரே. அவர் கேட்டது யாது? மற்றெந்த உலக வீரருக்கும் கேளாமலே கிடைத்த சுதந்தரமன்றோ? அதனை விரும்பியது குற்றமென்று நாம் கூறோம்.

ஆயினும் அவரிடத்துக் குற்றமே இல்லை என்பதும் உண்மையாகாது. தம் மனைவி எட்டா டுரியே என்பாரை அவர் அடித்துத் துன்புறுத்தியதுண்டு. மனம் நொந்த அம்மாதரசி 1912-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிக்காகோவில் தற்கொலை செய்துகொண்டார். அன்றியும், நிறக்கோட்டினால் தாமே துன்புற்றவர், பட்டம் பெற்றபின் தம்மினத்துச் சிறந்த வீரருக்கு வாயிலை அடைத்துவிட்டார். 1906-ஆம் ஆண்டில் தம்மால் வெல்லப்பட்டவரும், பின்னர் வளர்ந்து பெருவலி பெற்றவருமாகிய ஸாம் லாங்போர்டு பட்டத்துக்காகப் பன்முறை அழைத்தும் அவர் இணங்கவில்லை. வெள்ளையரோடு பொருதால் பணம் மிகுதியாகக் கிடைக்கும் என்பது காரணமாயிருக்கலாம். ஆனால் லாங்போர்டு தம் ஆயுள் முழுதும் பட்டத்துக்குப் பொரும் வாய்ப்பே பெறாது போனது பெரிய அநீதி. அதில் ஜான்ஸனுக்கும் பங்குண்டு.

அரங்கில் வெல்ல இயலாத பகைவர் சட்டத்தின் துணையை நாடினர். பெண்களைத் தீயதொழிலுக்கென மாகாணம் கடத்துவாரைத் தண்டிக்க 1910-இல் ஏற்பட்ட மான் சட்டம் என்பதனை, தன் விருப்பத்தோடு அவருடன் பழகிப் பயணஞ்செய்த பெண்ணொருத்தியைக் காரணமாகக் காட்டி, அவர்மேல் ஏவினர். வெள்ளையரே நிறைந்த ஜூரிமார் 1913-ஆம் ஆண்டில் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தனர். ஓராண்டும் ஒரு நாளும் சிறை விதிக்கப்பட்டது. எதிரி கைநீட்டும்வரை காத்திருந்து அடிக்கும் தந்திரத்தை இம்முறை அவருடைய பகைவரே கையாண்டனர் எனலாம். ஜான்ஸன் சிறைபுகாமல் கானடா வழியாக ஐரோப்பாவுக்குத் தப்பியோடினார்.

தாய்நாடின்றி அலைந்த அவருக்குப் பணமும் பயிற்சியும் குறைந்தன. 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், கியூபா தீவின் ஹவானா நகரில், ஆறடி ஆறங்குல உயரமுள்ள ஜெஸ் வில்லார்டு என்பாரை 45 சுற்றுப் போரில் எதிர்த்தார். அப்பொழுது அவருக்கு வயது 37. நெடும்போருக்குத் தம் உடல் தாங்காதென்று உணர்ந்தார் போலும். தம் இயல்புக்கு மாறாக முதலிலிருந்தே முன்னேறித் தாக்கினார். வில்லார்டு பேருடலர், பொறுமையுடையவர்; அடிகளைத் தாங்கிக் காத்திருந்தார். இருபது சுற்றுகள் வரை ஜான்ஸனது கையே ஓங்கியிருந்தது. பின்னர் அவர் கால்கள் தளர்ந்தன. 26-ஆம் சுற்றில் வில்லார்டின் வலக்கை அடியால் வீழ்ந்து பட்டமிழந்தார். வேண்டுமென்றே தோற்றதாகப் பிற்காலத்தில் அவர் கூறிக்கொண்டாராயினும், படத்தைக் கண்டோர் பலர் அதனை நம்புவதில்லை. காத்துப் பொருதலால் உலகை வென்றவர், காத்திருக்கக் காலமில்லாத நிலையில் நெருக்கிப் பொருது தோற்றார். நெறிகளுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பதில்லை. தன் உடலும், வயதும், எதிரியின் இயல்பும், போரின் நீளமும் எந்நெறிக்கு இடந்தருகின்றனவோ அதுவே அவனவனுக்குரிய நெறி.

1920-ஆம் ஆண்டில் அவர் தாமே அமெரிக்கா திரும்பி அதிகாரிகளிடம் ஒப்புவித்துக்கொண்டு, லெவன்வொர்த் சிறையில் தண்டனையை அனுபவித்து 1921-இல் வெளிவந்தார். பின்னர் திருகுசாவி ஒன்றைச் சீர்திருத்தி அமைத்து 1922-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார் என்பது அவரது கூரிய அறிவுக்குச் சான்று. பட்டத்துக்குப் பொரும் வாய்ப்பு மீண்டும் அவருக்குக் கிட்டவில்லை. அவருக்குப் பின் ஏறத்தாழ 22 ஆண்டுகள் எக்கறுப்பினத்தவருக்கும் அப்பட்டம் வாய்க்கவில்லை. 1937-ஆம் ஆண்டில் அதனைப் பெற்ற ஜோ லூயி என்னும் வீரருக்கு, பொதுவாழ்வில் ஜான்ஸனைப்போல் நடக்கலாகாதென்று அவருடைய மேலாளர்கள் முன்னரே போதித்து வைத்திருந்தனர்.

ஜான்ஸன் 1946-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள், வடகரோலினா மாகாணத்தில், விரைந்தோட்டிச் சென்ற மோட்டார் வண்டி கம்பத்தில் மோத, தமது 68-ஆம் வயதில் இறந்தார். சிக்காகோவிலுள்ள கிரேஸ்லாந்து மயானத்தில் அவரது உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அவர்மீது சுமத்திய குற்றத்துக்கு, அவர் இறந்து 72 ஆண்டுகளுக்குப் பின், 2018-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். அம்மன்னிப்பு இறந்தவருக்குப் பயன்படாதாயினும், அவருக்கிழைத்த அநீதியை அரசாங்கமே ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகும்.

காத்து நிற்போனைக் கோழையெனக் கூறுவார் இச்சரித்திரத்தை எண்ணிப் பார்ப்பாராக. பல்லாயிரம் பேர் பகைகொண்டு கூவும் அரங்கின் நடுவே, தன்மேற் பாய்ந்து வருகிறவனைக் கண்கொட்டாது நோக்கி, தக்க தருணம் வருமளவும் கையை அடக்கி நிற்பதற்கு வேண்டிய தைரியம் முன்னேறித் தாக்குவதற்கு வேண்டிய தைரியத்தினும் குறைந்ததன்று. விளையாட்டுக்களத்திற் புகும் நம் மாணாக்கர் ஜான்ஸனிடத்து இக்கலையைக் கற்பாராக. அவரது குற்றங்களை விலக்குவாராக. திறமையுள்ள ஒருவனைப் பிறப்பை நோக்கி வாயிலிலே நிறுத்திவைக்கும் கொடுமைக்கு எக்காலத்தும் துணைபோகாதிருப்பாராக.